வேங்கியில இருந்து வந்தவர் சோழ சிம்மாசனத்துல எப்படி 50 வருஷம் உக்காந்தாரு?

பலமனேர்_பையன்:

எல்லாருக்கும் வணக்கம். நான் பலமனேர். வீட்ல தமிழ், ஸ்கூல்ல தெலுங்கு மீடியம், அதனால சோழர் கதை எனக்குத் தெரிஞ்சது பூரா யூட்யூப்ல பாத்ததுதான், அடிப்படையான கேள்வியா இருந்தா கோச்சுக்காதீங்க.

ஆபீஸ்ல எனக்கு ராஜமண்ட்ரிக்கார ஃப்ரெண்ட் ஒருத்தன் இருக்கான், வேங்கியில இருந்து (கிருஷ்ணா, கோதாவரிப் பக்கத்துக் கீழைச் சாளுக்கியர் நாடு) வந்து சோழ ராஜாவான முதலாம் குலோத்துங்கன்னு பேச்செடுத்தாலே "மா ராஜு ரா, எங்க ராஜராஜ நரேந்திரன் பையன்"னு ஆரம்பிச்சுடுவான். வீட்டுக்கு வந்தா குடியாத்தத்துல இருக்குற மாமா பையன் ஃபோன்ல, அவரு சோழனே கிடையாது, அப்ப இருந்த சோழ ராஜா அதிராஜேந்திரனை முடிச்சுட்டு உள்ள பூந்தவருன்னு ஒரே அடியா அடிக்கிறான். ரெண்டு பேரும் சொல்றதுல எனக்குப் பெருசா அக்கறை இல்ல, யார் ஊர் ராஜாவா இருந்தா என்ன. எனக்கு மண்டையக் குடையறது வேற. 1070ல சிம்மாசனம் ஏறுறாரு, அப்பா வழில பாத்தா வெளியூர்க்காரர், மேற்கால மேலைச் சாளுக்கிய இளவரசன் விக்கிரமாதித்தன் முறைச்சுக்கிட்டு நிக்கிறான், தெற்கால பாண்டியன், கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கை கைய விட்டுப் போகுது, உள்ளூர்லயே கலவரம்னு சொல்றாங்க. இப்படி வந்தவன் ரெண்டு வருஷத்துல தூக்கி எறியப்பட்டிருக்கணும் இல்லையா? ஆனா 50 வருஷம் ஆண்டிருக்காரு. எப்படி? எந்தப் படையை வச்சு வந்தாரு, வந்தப்புறம் என்ன பண்ணாரு, யாரு ஏத்துக்கிட்டாங்க? போரும் தேதியும் மட்டும் போடாம கொஞ்சம் வெளக்கமா சொல்லுங்க.

கல்வெட்டுக்_கிறுக்கன் (திருத்தணி):

தம்பி, முதல்ல ஒரு பேப்பர் எடுத்து உறவுமுறைய எழுதிக்கோ, இது முழுக்க மாமன் மச்சான் சமாச்சாரம், அது புரியலன்னா மீதி எதுவும் புரியாது.

ராஜராஜ சோழன் தன்னோட மக குந்தவையை வேங்கி விமலாதித்தனுக்குக் கட்டிக்குடுத்தாரு (அக்கா பேரும் குந்தவைதான், குழப்பிக்காத, இது மக). அவங்களுக்குப் பொறந்தவர்தான் உன் ஃப்ரெண்ட் பெருமையடிக்கிற ராஜராஜ நரேந்திரன், நன்னயா தெலுங்குல மகாபாரதம் எழுத ஆரம்பிச்சது இவரு சபைலதான். இவரு கட்டினது ராஜேந்திர சோழன் மக அம்மங்கையை, அதாவது சொந்தத் தாய்மாமன் மகளை. அவங்களுக்குப் பொறந்த பையனுக்கு அம்மாவோட அப்பா பேரையே வச்சாங்க, ராஜேந்திரன்னு. அவர்தான் நீ கேக்கற குலோத்துங்கன். அவரு கட்டினதும் மாமன் மகதான், ரெண்டாம் ராஜேந்திரனோட மக மதுராந்தகி. மூணு தலைமுறையா பொண்ணு குடுத்த வீடுப்பா அது, அந்தப் பையனை வெளியூர்க்காரன்னு கங்கைகொண்ட சோழபுரத்துல யாரும் நெனச்சிருக்க மாட்டாங்க, பேத்தி புருஷனாகவும் பொண்ணு வயித்துப் பேரனாகவும் அரண்மனைக்கு ரெண்டு வழில சொந்தம்.

இன்னொண்ணு கவனி. 1054ல கொப்பத்துல ராஜாதிராஜன் யானை மேலயே செத்தப்ப தம்பி ரெண்டாம் ராஜேந்திரன் போர்க்களத்துலயே முடி சூட்டிக்கிட்டாரு, அவருக்கப்புறம் இன்னொரு தம்பி வீரராஜேந்திரன். அண்ணன், தம்பி, தம்பின்னு மூணு பேரு வரிசையா ஆண்ட வீட்ல, வீரராஜேந்திரனுக்கப்புறம் அவரு பையன் அதிராஜேந்திரனுக்குத்தான் பட்டம்னு எல்லாரும் ஒத்துக்கிட்டிருப்பாங்கன்னு சொல்ல முடியாது. ரெண்டாம் ராஜேந்திரன் மருமகனுக்கும் வாய் இருக்கும்ல. பாக்கப் போனா அதிராஜேந்திரனும் இவரும் மாமன் மகன் அத்தை மகன்.

இப்ப படை விஷயம். 1061ல அப்பா ராஜராஜ நரேந்திரன் போயிடறாரு. வேங்கி பையனுக்கு வரணும், வரல. சித்தப்பா (அப்பாவோட மாற்றாந்தாய் மகன்) ஏழாம் விஜயாதித்தன் எடுத்துக்கிட்டாரு. சரி தாய்மாமனாவது கேப்பாருன்னு பாத்தா வீரராஜேந்திரன் விஜயவாடா பக்கம் மேலைச் சாளுக்கியரை அடிச்சு வேங்கியை மீட்டுட்டு அதை மறுபடி சித்தப்பா கையிலயே குடுத்துட்டாரு! இந்த இடத்தை நிறைய பேரு ஒரு வரில தாண்டிப் போயிடறாங்க, எனக்கு என்னவோ இதுதான் கதையோட ஆணின்னு தோணும். அப்பன் நாடும் இல்ல, மாமன் ஆதரவும் இல்லாத ஒரு இளவரசன் அந்த வருஷங்கள்ல என்ன பண்ணான்னா, வடக்கால போயி இப்ப பஸ்தர்னு சொல்ற சக்கரக்கோட்டம், வயிராகரம் பக்கமெல்லாம் சண்டை போட்டு யானை யானையா பிடிச்சிருக்கான். அவரோட தொடக்ககால மெய்க்கீர்த்தி (கல்வெட்டுத் தொடக்கத்துல வர்ற புகழ்ப்பாட்டு) இதைத்தான் சொல்லுது, தோளும் வாளும் மட்டுமே துணைன்னு எதிரிங்க வஞ்சனையைக் கடந்து வயிராகரத்து யானைக் கூட்டத்தை வாரினாருன்னு. கவிஞர் மிகைதான், ஆனா உள்ள ஒரு உண்மை இருக்கு, 1070ல தெற்க வரும்போது அவரு பின்னால வந்தது கூடவே இருந்து அடிபட்டுப் பழகின ஒரு சொந்தப் படை. சோழப் படைத்தலைவங்க தயவுல அவரு வரல.

வந்தப்புறம் என்ன பண்ணாருங்கறதுக்கு என் பதில் கொஞ்சம் தலைகீழா இருக்கும். அவரு எதை எதைத் தொடாம விட்டாருன்னு பாரு. அந்தச் சமயத்துலதான் இலங்கைல விஜயபாகு பொலன்னறுவையைப் பிடிக்கிறான், ராஜராஜன் காலத்துல இருந்து சோழன் கையில இருந்த நாடு, அதை மீட்கப் பெரிய படையை அனுப்பி மாட்டிக்கல, போனா போகுதுன்னு விட்டுட்டாரு. பின்னாடி ஒரு நாள் அந்த ஊர் இளவரசனுக்கே தன் மக சுத்தமல்லியைக் கட்டிக்குடுத்து சம்பந்தி ஆயிட்டாரு. வேங்கி சொந்த அப்பன் நாடு, சித்தப்பா மேல எவ்வளவு வயித்தெரிச்சல் இருந்திருக்கும், அதையும் உடனே பிடுங்கல. பாண்டிய நாட்டுக்கு சில வருஷம் கழிச்சுத்தான் போறாரு. முதல் அஞ்சாறு வருஷம் காவேரிக்கரையும் காஞ்சியும் கைக்குள்ள இருக்கணும், அதுக்கு மேல எதுவும் வேணாம்னு இருந்திருக்காரு. கலவர நேரத்துல ஆட்சிக்கு வர்றவங்க வழக்கமா என்ன பண்ணுவாங்க, பலம் காட்டணும்னு நாலு திசைலயும் படை அனுப்பி நாலு இடத்துலயும் இளைச்சுப் போவாங்க. இவரு அதைப் பண்ணல.

பேரு விஷயமும் சொல்லிடறேன். பட்டத்துக்கு வந்த உடனே குலோத்துங்கன்னு வச்சுக்கல. முதல் நாலு வருஷக் கல்வெட்டுல ராஜகேசரி ராஜேந்திர சோழதேவர்னுதான் இருக்கும். தாத்தா பேரு, கங்கை கொண்டவர் பேரு, அதை ஜனங்க காதுல ஏத்திக்கிட்டே இருந்திருக்காரு. அஞ்சாம் ஆட்சியாண்டு வாக்குலதான் குலோத்துங்கன்னு வருது. அதுக்குள்ள உக்காந்த இடம் சூடாயிடுச்சு.

சத்தியவேடு_டீச்சர்:

மேல அண்ணன் நல்லா எழுதியிருக்காரு, ஆனா கொலைப் பேச்சைத் தொடாம நைஸா நழுவிட்டாரு 😄 பையன் மாமா பையனுக்கு பதில் சொல்லணும்ல, நான் சொல்றேன்.

இதுக்கு நமக்கு இருக்குற முக்கியமான சாட்சி பில்ஹணன்னு ஒரு காஷ்மீரத்துக் கவி, விக்கிரமாதித்தனோட அரசவைக்காரர், தன் ராஜாவைப் புகழ்ந்து விக்கிரமாங்கதேவ சரிதம்னு சமஸ்கிருதத்துல எழுதினவர். விக்கிரமாதித்தன் வீரராஜேந்திரனோட மாப்பிள்ளை, அப்ப அதிராஜேந்திரன் அவனுக்கு மச்சான். மாமனார் செத்துட்டாருன்னு தெரிஞ்சதும் காஞ்சிக்கு வந்து அங்க இருந்த கலகத்தை அடக்கி, கங்கைகொண்ட சோழபுரம் போயி மச்சானை உக்கார வச்சு, ஒரு மாசம் கூடவே இருந்துட்டு துங்கபத்திரைக்குத் திரும்பறான். போன கொஞ்ச நாள்லயே சேதி வருது, மறுபடி கலகம், மச்சான் செத்தாச்சு, வேங்கி ராஜிகன் சிம்மாசனத்துல உக்காந்துட்டான்னு. ராஜிகன்னா நம்ம ராஜேந்திரன்தான்.

இதுல நான் பிடிச்சுக்கறது என்னன்னா, எழுதினது எதிராளியோட கவி. குலோத்துங்கன்தான் கொன்னான்னு எழுத அவருக்கு எந்தத் தடையும் இல்ல, எழுதினா அவங்க ராஜாவுக்கு சந்தோஷம்தான். அப்படியும் அவரு சாவைக் கலகத்து மேலதான் போடறாரு, கலகத்துல செத்தான், இவன் வந்து உக்காந்தான், அவ்வளவுதான். சோழர் பக்கத்துக் கலிங்கத்துப்பரணியை எடுத்தா அங்க இன்னும் வேடிக்கை. வடக்கால சண்டைக்குப் போன நேரத்துல தெற்க ராஜா செத்துட்டாரு, நாடு சீரழிஞ்சு கெடந்துச்சு, இவரு சூரியன் மாதிரி வந்து இருட்டை விலக்கினாருன்னு செயங்கொண்டார் பாடுறாரு, அதிராஜேந்திரன்னு ஒருத்தர் இருந்ததாவே மூச்சு விடல. அந்த மௌனத்தைப் பாத்தா எனக்கு சந்தேகம் வராம இல்ல, பச்சப்புள்ள மாதிரி ஒண்ணும் தெரியாம வந்து உக்காந்தாருன்னு யாராவது சொன்னா சிரிப்பேன். கலகம் நடக்கும்போது சரியா படையோட பக்கத்துல இருக்கறது தற்செயலா? ஆனா கொன்னாருன்னு தீர்ப்பு எழுத ஒரு வரி ஆதாரம் கூட இல்ல, அது யூட்யூப் தலைப்புக்கு மட்டும்தான் ஆகும்.

இன்னொரு சின்ன விஷயம், யாரும் பேசறதில்ல. சோழ ராஜாக்கள் ஒருத்தர் ராஜகேசரின்னா அடுத்தவர் பரகேசரி, மாத்தி மாத்தி வரும். வீரராஜேந்திரன் ராஜகேசரி, அதிராஜேந்திரன் பரகேசரி, குலோத்துங்கன் ராஜகேசரி. அதிராஜேந்திரன் ஆட்சியே செல்லாதுன்னு நெனச்சிருந்தா இவரு பரகேசரின்னு போட்டிருக்கணும், வீரராஜேந்திரனுக்கு அடுத்து நேரா நான்தான்னு. போடல. முன்னாடி இருந்தவரை வரிசைல ஒப்புக்கிட்டு அதுக்கு அடுத்த எண்ணா தன்னை எழுதிக்கிட்டாரு. நான் புதுசா ஒரு வம்சம் ஆரம்பிக்கல, நடந்துக்கிட்டு இருந்த வரிசைலதான் நிக்கிறேன்னு சொல்ற வேலை இது, அதிகாரிங்களுக்கும் கோயில் சபைக்காரங்களுக்கும் இதைவிட நிம்மதியான சேதி வேற என்ன வேணும், அவங்க வாங்கின நிலமும் எழுதின தானமும் அப்படியே செல்லும்.

கிருமிகண்ட சோழன் கதை இங்க யாராவது எடுப்பீங்க, நானே முந்திக்கறேன். ராமானுஜரைத் துன்பப்படுத்தின ராஜான்னு வைணவ குருபரம்பரைக் கதைங்க சொல்ற அந்தச் சோழன் யாருன்னு ஆளுக்கொரு பேரு சொல்லுவாங்க, அதிராஜேந்திரன்னு சிலர், குலோத்துங்கன்னே சிலர். அதிராஜேந்திரன்னு வச்சுக்கிட்டு வைணவங்க கலகத்துலதான் அவரு செத்தாருன்னு அடுத்த மாடி கட்டுறவங்களும் இருக்காங்க. அது கதை மேல கதை. கலகம் இருந்துச்சுங்கறதுக்குக் கல்லுலயே வேற சாட்சி இருக்கு, ராஜமகேந்திர சதுர்வேதிமங்கலத்துல வலங்கை இடங்கைன்னு ரெண்டு ஜாதிக் கூட்டங்களுக்குள்ள நடந்த சண்டைல ஊரையே எரிச்சு கோயில் பண்டாரத்தைக் கொள்ளையடிச்சதை குலோத்துங்கனோட ஆரம்ப வருஷக் கல்வெட்டு ஒண்ணு சொல்லுது. காவேரிக்கரை ஊர் அது. ஜனங்க சமாதானத்துக்கு ஏங்கிப்போயிருந்த நேரத்துல கையில ஒழுங்கான படையோட ஒருத்தர் வந்து நின்னாருன்னா, அவரு யாரு மகன்னு எவன் கேக்கப் போறான்.

டீசல்_ராஜா:

பலமனேர் தம்பி, நீ நம்ம ஊர்க்காரனா இருந்துக்கிட்டு நங்கிலியை மறந்துட்டியே! பெங்களூர் ரோட்ல பலமனேர் தாண்டி ஆந்திரா பார்டர் முடிஞ்ச உடனே கர்நாடகாவுல முதல்ல வர்ற ஊரு, நங்கிலி, செக்போஸ்ட்ல வண்டி வரிசையா நிக்குமே, அந்த ஊரு குலோத்துங்கன் மெய்க்கீர்த்திலயே இருக்கு. நான் லாரி ஓட்டுறவன், அந்த ரூட்ல போகாத வாரம் கிடையாது, இது தெரிஞ்ச அன்னைக்கு எனக்கு ஒரு குஷி.

மேட்டர் என்னன்னா, மச்சானை உக்கார வச்சுட்டு வந்த விக்கிரமாதித்தனுக்கு இந்த ஆளு வந்து உக்காந்தது பொறுக்கல. சோழ நாடும் வேங்கியும் ஒரே கையில சேந்துட்டா தனக்குக் கிழக்கால பூரா எதிரிதான்னு அவனுக்குப் புரியாதா என்ன. ஆனா அவனுக்கு வீட்டுக்குள்ளயே ஒரு பிரச்சனை, அண்ணன் ரெண்டாம் சோமேஸ்வரன்தான் அப்ப சாளுக்கியத் தலைநகர் கல்யாணி சிம்மாசனத்துல, ரெண்டு பேருக்கும் ஆகாது. வீரராஜேந்திரன் தம்பி பக்கம் சாஞ்சு பொண்ணைக் குடுத்தாரு, குலோத்துங்கன் அப்படியே திருப்பிப்போட்டு அண்ணன் பக்கம் சேந்துக்கிட்டாரு. எதிரியோட அண்ணன் நமக்கு தோஸ்து. 1075, 76 வாக்குல சண்டை வெடிக்குது. நங்கிலிக் கல்லுப் பாதைல ஆரம்பிச்சு மணலூர் வழியா துங்கபத்திரை வரைக்கும் விக்கிரமாதித்தன் படையோட யானைங்க செத்து விழ விழ துரத்தினோம், கங்கமண்டலத்தையும் (கோலார், மைசூர் பக்கம்) பிடிச்சோம்னு குலோத்துங்கன் கல்வெட்டு சொல்லுது. அந்தப் பக்கக் கவியைக் கேட்டா நாங்கதான் ஜெயிச்சோம்னு சொல்றாரு, ராஜிகன் ஓடிட்டான்னு.

யாரு சொல்றது நெசம்னு கேட்டா, நான் சண்டை முடிஞ்சப்புறம் யாரு எங்க உக்காந்திருந்தாங்கன்னு பாப்பேன். சோமேஸ்வரன் ஜெயிலுக்குப் போறான், 1076ல விக்கிரமாதித்தன் கல்யாணில முடி சூடி தன் பேர்ல புது வருஷக் கணக்கே ஆரம்பிக்கிறான், அது அவன் லாபம். குலோத்துங்கனுக்கு தோஸ்து போயிட்டான், ஆனா தமிழ் நாட்ல ஒரு அடி மண்ணு போகல, கோலார் சீமையும் கையிலயே இருந்துச்சு, கோலாரம்மா கோயில்ல அவரோட கல்வெட்டு இருக்கு போய்ப் பாருங்க. அதுக்கப்புறம் விக்கிரமாதித்தன் ரொம்ப வருஷம் ஆண்டான், 1126 வரைக்கும், ஆனா கங்கைகொண்ட சோழபுரத்துக்கு இன்னொரு தடவை மச்சானுக்காக வர முடியல. குலோத்துங்கனுக்கு வேண்டியது அவ்வளவுதான். கல்யாணியைப் பிடிக்கணும்னு அவருக்கு ஆசையே இருந்த மாதிரி தெரியல.

நங்கிலில இதைப் பத்தி ஒரு போர்டு கூட கிடையாது, டீ நல்லா இருக்கும்.

கோதாவரி_மருமகன்:

நான் ஆம்பூர், பொண்ணு எடுத்தது ராஜமண்ட்ரில, இருக்கறதும் இப்ப இங்கதான், அதனால வேங்கிப் பக்கத்துக் கதையை நான் சொல்லலாம்னு நெனக்கிறேன். தமிழ்நாட்டுப் பக்கம் எழுதறவங்க இதை ரெண்டு வரில முடிச்சுடுவாங்க, ஆனா சிம்மாசனத்தை உறுதியாக்கினதுல பாதி வேலை இங்கதான் நடந்துச்சு.

திருத்தணி அண்ணன் சொன்ன மாதிரி வேங்கியை சித்தப்பாகிட்ட விட்டுட்டாரு. அதுக்கு செப்பேட்டுல எழுதின காரணம் செம, சோழ ராஜ்யத்து மேல எனக்கு ஆசை இருந்ததால வேங்கியை சிறிய தகப்பனார்கிட்ட வச்சேன்னு அவரே சொல்ற மாதிரி இருக்கும். எடுத்துக்கிட்டதே சித்தப்பாதான், ஆனா எழுதும்போது "நான் வச்சேன்"! 15 வருஷம் ஆண்டு அவரு போனப்புறம், அதாவது 1076 வாக்குல, இன்னொரு சித்தப்பா, பங்காளின்னு யாரும் முளைக்கறதுக்குள்ள தன் பசங்களை ஒவ்வொருத்தரா அனுப்ப ஆரம்பிச்சாரு. முதல்ல ராஜராஜ மும்முடிச் சோழன். அந்தப் பையன் ஒரு வருஷத்துலயே திரும்பி வந்துட்டான், அப்பா அம்மா காலடில இருக்குற சுகம் ராஜாவா இருக்கறதுல இல்லன்னு காரணம் சொல்லி. செப்பேட்டுல இதைப் பெருமையாத்தான் எழுதியிருக்காங்க, எனக்கென்னமோ பையனுக்கு இங்கத்த மே மாச வெயில் ஒத்துக்கலன்னு தோணும். அப்புறம் தம்பி வீரசோழன் 1078ல, அப்புறம் 1084ல ராஜராஜ சோடகங்கன், 89ல திரும்ப வீரசோழன், கடைசியா விக்கிரம சோழன், பின்னாடி அப்பாவுக்கப்புறம் சோழ ராஜாவா ஆனவரு அவர்தான்.

இதுல ஒரு தந்திரம் இருக்கு. ஒரே பையன் நிரந்தரமா இருந்தா அவனும் ஒரு விஜயாதித்தன் ஆயிடுவான், சுத்தி சுத்தி மாத்தினா எவனுக்கும் வேர் பிடிக்காது. அதுவும் போக அந்தப் பசங்க வெளியிட்ட செப்பேடுகளை (செல்லூர், டேகி, பிட்டாபுரம்) படிச்சா அங்க இவங்க சந்திர வம்சத்துச் சாளுக்கியர், விஷ்ணுவோட தொப்புள்ல ஆரம்பிச்சு வரிசையா வரும் முன்னோர் பட்டியல். அதே அப்பாவோட தமிழ்க் கல்வெட்டைப் படிச்சா சோழன், சூரிய குலம், காவேரித்தாய். இந்தப் பக்கம் வேலநாட்டுத் (குண்டூர்ப் பக்கம்) தலைவங்களைக் கூட வச்சுக்கிட்டு அவங்களுக்கு மரியாதை குடுத்து அவங்க மூலமாத்தான் ஊரை ஆண்டாரு, தஞ்சாவூர்ல இருந்து அதிகாரிங்களைக் கொண்டுவந்து திணிக்கல. விசாகப்பட்டினத்துக்குக் குலோத்துங்கசோழப்பட்டினம்னு ஒரு பேரு இருந்துச்சுன்னு இங்க யாருகிட்ட சொன்னாலும் நம்ப மாட்டேங்கறாங்க, கல்வெட்டே இருக்கு.

அதனால தம்பி, உன் ஃப்ரெண்டும் சரி, உன் மாமா பையன் சொல்றதுல சோழனே இல்லங்கற பாதி மட்டும் தப்பு. மீதியை டீச்சரம்மா பாத்துக்கிட்டாங்க.

நாகர்கோவில்_வாசி:

எங்க ஊர் பக்கத்துக் கோட்டாறு இல்லாம இந்தக் கதை முடியாதே மக்களே. சாளுக்கியன் சண்டை முடிஞ்ச பெறகுதான் தெக்க வாறாரு, பாண்டியருவ அஞ்சு பேரு, அடிச்சுத் தொரத்திக் கோட்டாறு கோட்டையைத் தீ வச்சாரு, விழிஞ்சம், காந்தளூர்ச் சாலை வரைக்கும் போனாரு. அதுக்கப்புறம் பண்ணின வேலைதான் புத்திசாலித்தனம். ராஜேந்திர சோழன் மதுரைல சோழபாண்டியன்னு தன் மகனையே உக்கார வச்சாருல்லா, இவரு அத மறுபடி செய்யல. உள்ளூர் ஆட்சி உங்க பாடுன்னு விட்டுட்டு, போற வழில எல்லாம் நிலைப்படை போட்டாரு, கோட்டாத்துலயும் ஒரு நிலைப்படை. யாரு வாலாட்டினாலும் படை பக்கத்துலயே நிக்கும், ஆனா சோழ இளவரசனுக்கு மதுரைல அரண்மனைச் செலவு கிடையாது.

சத்தியவேடு_டீச்சர்:

கோட்டாறு சொன்னதுக்கு நன்றி அண்ணா. அதோட ஒண்ணு சேத்துக்கறேன், வரி. 1086ல நாடு முழுக்க நிலம் அளக்க வச்சாரு, கிட்டத்தட்ட இங்கிலாந்துல வில்லியம் ராஜா அதே மாதிரி கணக்கெடுத்த அதே வருஷம், அவரும் வெளில இருந்து வந்து சிம்மாசனம் பிடிச்சவருங்கறது ஒரு வேடிக்கையான பொருத்தம். நிலம் யாருகிட்ட எவ்வளவு இருக்குன்னு புதுசா எழுதினா பழைய கலவரத்துல கை மாறின சொத்தெல்லாம் கணக்குக்கு வரும், அதை எழுதித் தர்ற ராஜாவுக்கு ஜனங்க கட்டுப்பட்டுத்தான் ஆகணும். சுங்கம் தவிர்த்த சோழன்னு பட்டம் வந்ததும் இவருக்குத்தான், வியாபாரிங்க இவரை விட்டுக்குடுக்க மாட்டாங்க. 1077ல சீனாவுக்கு 72 பேரை அனுப்பினாரு, பாதி தூது பாதி வியாபாரம். இலங்கை போனதை இதை வச்சு ஈடு கட்டினாருன்னுதான் நான் கிளாஸ்ல சொல்லுவேன், பசங்க தூங்கிடுவாங்க அது வேற.

பலமனேர்_பையன்:

அண்ணா அக்கா எல்லாருக்கும் பெரிய கும்பிடு. நங்கிலி மேட்டரை ஆபீஸ்ல சொன்னதும் ராஜமண்ட்ரிக்காரன் ஒரு நிமிஷம் வாயே திறக்கல. அப்புறம் ஒரு கேள்வி கேட்டான், எனக்கு பதில் தெரியல. இவ்வளவு கணக்குப் போட்டுப் பசங்களை வேங்கிக்கு அனுப்பினவரு, அப்புறம் ஏன் கடைசில வேங்கி கைய விட்டுப் போச்சு?

கோதாவரி_மருமகன்:

அதே பசங்களாலதான். 1118ல குலோத்துங்கனுக்கு வயசாயிடுச்சு, அடுத்த பட்டம் விக்கிரம சோழனுக்குன்னு முடிவாகி வேங்கில இருந்த அவரைத் தெற்க வரச் சொல்லியாச்சு. 1070ல நடந்த மாதிரி பட்டத்துக்குச் சண்டை வரக்கூடாதுன்னா வாரிசு கங்கைகொண்ட சோழபுரத்துல கண்ணு முன்னால இருக்கணும், அதுல அவரு பண்ணது சரிதான். ஆனா விக்கிரம சோழன் சோழ நாட்டை ஆளப் போனதும் வேங்கி நாயகன் இல்லாத நாடாச்சுன்னு பிட்டாபுரம் கல்வெட்டு சொல்லுது. அந்த இடைவெளிக்காகத்தான் விக்கிரமாதித்தன் 40 வருஷத்துக்கு மேல காத்திருந்தான், அவனோட தண்டநாயகன் (படைத்தலைவன்) அனந்தபாலன் உள்ள வந்துட்டான், திராக்ஷாராமம் பக்கமெல்லாம் கல்வெட்டுல சாளுக்கிய விக்கிரம வருஷம்னு எழுத ஆரம்பிச்சுட்டாங்க. மேற்கால கர்நாடகாவுல 1116லயே தலக்காடு ஹொய்சள ராஜா கைக்குப் போயிருந்துச்சு. வேங்கியா சோழ சிம்மாசனமான்னு ரெண்டுல ஒண்ணுன்னு வந்தப்ப, 1070ல எதை எடுத்தாரோ அதையேதான் கெழவர் 1118லயும் எடுத்தாரு. விக்கிரம சோழனுக்கு எதிரா பட்டத்துக்குன்னு ஒருத்தனும் கிளம்பல.

டீசல்_ராஜா:

தம்பி, அடுத்த ஞாயித்துக்கிழமை நான் பெங்களூர் லோடு, உன் ராஜமண்ட்ரி ஃப்ரெண்டையும் கூட்டிக்கிட்டு வா, நங்கிலில இறக்கி விடறேன், அப்படியே கோலாரம்மா கோயிலுக்கு பஸ் பிடிச்சுக்கோங்க.